உப்புக்காற்றில் ஒரு கம்பி: ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வரப் பல நாட்கள் ஆயின. கொல்லையில் இருந்த பலாவும் முருங்கையும் போயின. ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது செல்போன் செத்துக் கிடந்த அந்த நாட்கள்தான். பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மாமா சைக்கிளை உருட்டியும் மிதித்தும் வந்து சேர்ந்து, எல்லாரும் நலம் என்று சொன்ன பிறகுதான் அம்மா சாப்பிட்டார்.

அரசு உரிமம் பெற்ற தனி ஆட்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் ரேடியோவில் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ; அப்படிப் பேசுகிறவர் ஹாம். அந்தச் சொல்லே எனக்கு அப்போது தெரியாது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் தங்கி, அந்தமானிலிருந்து உலகம் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளை வைத்துத் தீவுகளின் செய்திகளை வெளியே சேர்த்தார்கள். அதே சுனாமிதான் எங்கள் தேவனாம்பட்டினத்தையும் அடித்தது. ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, நீளமாக ஒரு கம்பி. இவ்வளவு இருந்தால் வழியில் எந்தக் கோபுரமும் இல்லாமல் பேசலாம் என்று தெரிந்த நாளில் எனக்கு இந்த ஆசை பிடித்தது.

கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை என்று தினமும் பஸ்ஸில் போய்வரும் ஒருவன், ஓய்வு நேரத்தில் சில வருடங்கள் செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். என்னிடம் வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "எந்த செட் வாங்கலாம்?" என்பதுதான். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்கப் பழக வேண்டும், அடுத்து தேர்வு, அப்புறம் ஆண்டெனா, அதற்குப் பிறகுதான் செட். இந்த வரிசையில் போனால் காசும் மிஞ்சும், ஆர்வமும் வடியாது.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

பேசுவதற்குத்தான் உரிமம் வேண்டும். கேட்பதை இன்று மாலையே ஆரம்பிக்கலாம். எந்தச் செலவும் வேண்டாம் என்றால், நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் வெப் எஸ்.டி.ஆர். என்ற ரிசீவரை இணையத்தில் திறந்து, உங்கள் விரலாலேயே ட்யூன் செய்யலாம். அங்கே 7 மெகாஹெர்ட்ஸில் அரை மணி நேரம் மேலும் கீழும் உலாவிப் பாருங்கள். முதலில் வாத்துக் கத்துவதுபோல் இருக்கும். அதுதான் சிங்கிள் சைட்பேண்ட், ஷார்ட்வேவில் ஹாம்கள் குரலை அனுப்பும் முறை. மெதுவாக நகர்த்தி வந்தால் ஒரு புள்ளியில் வாத்து மனிதக் குரலாக மாறும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் கைப்பழக்கம்தான் இந்தப் பொழுதுபோக்கின் அரிச்சுவடி.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற சின்ன யு.எஸ்.பி. டாங்கிளை வாங்குங்கள். பென் டிரைவ் அளவுதான் இருக்கும். லேப்டாப்பில் செருகினால் ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை திரையில் அருவிபோல் ஓடும் கோடுகளாகப் பார்க்கலாம், கேட்கலாம். கடலோரத்தில் இருப்பதால் மீன்பிடிப் படகுகளின் பேச்சும் காதில் விழும். அது படகுகளுக்கும் கப்பல்களுக்கும் உரிய மரைன் வி.எச்.எஃப்., நம்முடையது இல்லை. காதில் தற்செயலாக விழுந்த அடுத்தவர் பேச்சை வெளியில் சொல்லாமல் நகர்ந்துவிடுவது ரேடியோக்காரர்களின் முதல் ஒழுக்கம்.

டாங்கிள் வந்தவுடன் என்னைக் கட்டிப்போட்டது சர்வதேச விண்வெளி நிலையம். தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதில் ஹாம்களுக்கென ஒரு ரிப்பீட்டர், அதாவது கீழிருந்து வரும் பேச்சை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி, இருக்கிறது. அது இயக்கத்தில் இருக்கும் நாட்களில் பேச்சு 437.800 மெகாஹெர்ட்ஸில் இறங்கிவரும். ஹெவன்ஸ் அபவ் போன்ற செயலியில் உங்கள் ஊரைக் கொடுத்தால், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எழுந்து எங்கே மறையும் என்று காட்டும். ஒரு கடப்புக்கு அதிகம் போனால் பத்து நிமிடம் கிடைக்கும். நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை கொஞ்சம் கூடுதலாகவும், விலகும்போது குறைவாகவும் கேட்கும். ரயில் ஊதிக்கொண்டே கடந்துபோகும்போது ஹார்ன் சத்தம் இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். ஆகவே 437.810-இல் ஆரம்பியுங்கள், தலைக்கு மேல் வரும்போது 437.800, மறையும்போது 437.790. கையாலேயே நகர்த்தலாம்.

ஒரு மாலை ஏழு மணிவாக்கில் மாடியில் நின்றிருந்தேன். மேற்கே பளிச்சென்று ஒரு புள்ளி எழுந்து நகர்ந்தது. லேப்டாப்பில் இரைச்சல். திடீரென இரைச்சல் அடங்கி, இலங்கை நிலையம் ஒன்று தன் பெயரைச் சொன்னது. அதற்கு வட இந்தியாவிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். கண்ணில் தெரியும் அந்த வெளிச்சத்தின் வழியாக அந்தக் குரல்கள் எங்கள் மாடிக்கு வந்துகொண்டிருந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் தேர்வுக்குப் படிக்க எனக்கு வேறு தூண்டுதல் தேவைப்படவில்லை.

தேர்வு

ஹாம் உரிமத்துக்கான தேர்வை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துகிறது. 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். பட்டம் எதுவும் தேவையில்லை. விண்ணப்பம் சரள் சஞ்சார் என்ற அரசுத் தளம் வழியாக. நம் பக்கத்துக்காரர்கள் தேர்வுக்குப் பெரும்பாலும் சென்னையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். தேதியையும் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும்போது தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிலைகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். இரண்டுக்கும் ரேடியோ தத்துவம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஜெனரலுக்கு அது 50, 55. கூடவே நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமான தந்திக் குறியீடு, அனுப்பவும் கேட்டு எழுதவும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட்டில் மோர்ஸ் கிடையாது. ஷார்ட்வேவில் 50 வாட் வரை போதும் என்றால் அதை முதலில் வாங்கிவிடுங்கள். மோர்ஸ் கற்று முடித்துவிட்டு நேராக ஜெனரலே எழுதுகிறேன் என்று தள்ளிப்போட்ட நண்பர்கள் சிலர் இன்றுவரை எதையும் எழுதவில்லை.

தத்துவப் பகுதி பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்தான். ஓம் விதி, மின்தேக்கி, மின்தூண்டி, ஒத்ததிர்வு, மாடுலேஷன், ரிசீவரின் உறுப்புகள். ஒத்ததிர்வு எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. சின்ன வயதில் தாத்தா வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்த்து "ஊ" என்று கத்துவோம். எல்லாச் சுருதிக்கும் கிணறு பதில் சொல்லாது. ஏதோ ஒரு சுருதியில் மட்டும் கிணறு முழுவதும் சேர்ந்து பாடும். கிணற்றின் ஆழத்துக்குப் பொருந்திய சுருதி அது. மின்தேக்கியும் மின்தூண்டியும் சேர்ந்த சுற்றும் தனக்குப் பொருந்திய ஒரு அலைவரிசைக்கு மட்டும் அப்படித்தான் பாடும். இதைப் பிடித்துக்கொண்டால் ஆண்டெனாவும் புரிந்துவிடும். சூப்பர்ஹெட் ரிசீவரின் கட்டப்படத்தை மட்டும், பார்க்காமல் வரையவரும் வரை பத்துத் தடவை வரைந்து பாருங்கள். மனப்பாடமாக அல்ல, ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்துக்கு என்ன கொடுக்கிறது என்று சொல்லிக்கொண்டே.

விதிமுறைப் பகுதியில் மதிப்பெண் சுலபம். வியாபாரம், அரசியல், பாட்டு போடுவது இவையெல்லாம் கூடாது. அனுப்பும் போதெல்லாம் கால்சைன், அதாவது உரிமத்தில் உங்களுக்குத் தரும் அடையாளப் பெயர், சொல்ல வேண்டும். யாரோடு எப்போது பேசினோம் என்ற பதிவேடு, லாக், எழுத வேண்டும். கியூ கோடுகள் என்ற மூன்றெழுத்துச் சுருக்கங்களில் பத்துப் பன்னிரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: கியூ.டி.எச். என்றால் இருக்கும் இடம், கியூ.ஆர்.எம். என்றால் அடுத்த நிலையங்களால் வரும் குறுக்கீடு, கியூ.ஆர்.என். என்றால் இடி மின்னலால் வரும் இரைச்சல்.

எழுத்தைச் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ வரிசையை நான் பஸ் ஜன்னலில் கற்றேன். எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை மனசுக்குள் வாசிப்பேன். கடலூர் வண்டி என்றால் டேங்கோ நவம்பர் 31. தென்பெண்ணை தாண்டி எல்லைக்குள் போனால் பாப்பா யாங்கி 01. புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான். ஒரு மாதத்தில் நாக்குக்கு வந்துவிட்டது. கடலூரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொன்னால் சார்லி யூனிஃபார்ம் டெல்டா டெல்டா ஆல்ஃபா லிமா ஆஸ்கர் ரோமியோ எக்கோ. உங்கள் பெயரையும் ஊரையும் இப்படி மூச்சு விடாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முதல் நாள் மைக் முன்னால் கை நடுங்கும்போது இதுதான் காப்பாற்றும்.

தேறிய பிறகு உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சரிபார்ப்பு முடிந்து கையில் வரச் சில மாதங்கள் ஆகும். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. ரெஸ்ட்ரிக்டட் என்றால் கால்சைன் வி.யூ.3 என்றும் ஜெனரல் என்றால் வி.யூ.2 என்றும் தொடங்கும். அந்தமான் வி.யூ.4, லட்சத்தீவு வி.யூ.7. உரிமம் வரும் முன்பு ஒலிபரப்பும் செட் எதையும் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கி டாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு பட்டனை அமுக்குவது குற்றம். காத்திருக்கும் மாதங்களில் செய்ய இதைவிட நல்ல வேலை இருக்கிறது.

ஆண்டெனா: உங்கள் உழைப்பை இங்கே போடுங்கள்

விலை உயர்ந்த செட்டும் மோசமான ஆண்டெனாவும் சேர்ந்தால் ஒன்றும் கேட்காது. சாதாரண செட்டும் நல்ல ஆண்டெனாவும் சேர்ந்தால் கண்டம் தாண்டும். என் அனுபவத்தில் இதற்கு விலக்கே வந்ததில்லை.

சின்னதிலிருந்து ஆரம்பியுங்கள். 2 மீட்டர் பேண்ட், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். இதற்கு ஒரு கால் அலை ஆண்டெனாவின் நீளம் 49 சென்டிமீட்டர்தான். வெல்டிங் சாமான் கடையில் பித்தளை பிரேசிங் கம்பி ஐந்து வாங்குங்கள். ஒரு எஸ்.ஓ. 239 சாக்கெட்டின் நடுமுனையில் ஒரு கம்பியை நிமிர்த்திச் சால்டர் செய்யுங்கள். நான்கு மூலைத் துளைகளில் மற்ற நான்கையும் 51 சென்டிமீட்டர் நீளத்தில் மாட்டி, குடையைக் கவிழ்த்ததுபோல் 45 டிகிரி கீழே மடக்குங்கள். பி.வி.சி. குழாயின் தலையில் இதை உட்காரவைத்தால் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இது எவ்வளவு தூரம் போகும்? இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு தடுக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம் சுமார் 13 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பத்து மீட்டர் என்றால் 26. கடலூர் மாடிக்கும் புதுச்சேரி மாடிக்கும் மட்டுமட்டாகக் கணக்கு நேராகிறது. நாங்கள் இரண்டு நண்பர்கள் இப்படித்தான், நான் மஞ்சக்குப்பத்திலும் அவர் முதலியார்பேட்டையிலுமாக, ஐந்து வாட்டில் பேசிப் பார்த்தோம். அவர் மாடி அறைக்குள் இருந்தபோது ஒன்றுமில்லை. குழாயைத் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியதும் தெளிவாக வந்தார். மூன்று மீட்டர் உயரம் செய்த வேலை அது.

செட்டையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஆர்.ஜி. 58 கோஆக்ஸ், 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் நீளத்துக்குள் உங்கள் வலுவில் பாதியைத் தின்றுவிடும். ஷார்ட்வேவில் அதே கேபிள் பரவாயில்லை. ஆகவே 2 மீட்டருக்குத் தடித்த ஆர்.ஜி. 213, அல்லது கேபிளையே குட்டையாக வையுங்கள்.

அடுத்தது என் மனசுக்கு நெருக்கமான 40 மீட்டர் டைபோல்: 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்காக, நடுவில் கேபிள் இணைத்த இரண்டு கைக் கம்பி. இதற்கு வீட்டு வயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். கணக்கு சுலபம்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு 20.14 மீட்டர். நடுவில் வெட்டி இரண்டு கைகள், ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்குச் சற்றே அதிகம். ஆனால் முதலில் 10.3 மீட்டராகவே வெட்டுங்கள். நீளமாக இருந்தால் நறுக்கலாம், குட்டையானதை ஒட்டுப்போடுவது வேலைக்காகாது. நடுவில் கோஆக்ஸின் உள்கம்பி ஒரு கைக்கு, வலை மறு கைக்கு. இணைப்புக்குச் சற்றுக் கீழே கேபிளையே எட்டு, பத்துச் சுற்று சுருட்டிக் கட்டுங்கள். கேபிளின் வெளிப்பக்கமாக மின்னோட்டம் வீட்டுக்குள் திரும்புவதை அது தடுக்கும். இன்சுலேட்டருக்கு பி.வி.சி. குழாய்த் துண்டு.

மாடியின் நடுவில் ஒரு கழி நட்டு, நடுமுனையை உச்சியில் கட்டி, இரண்டு கைகளையும் கூரை சரிவதுபோல் கீழே இழுத்துக் கட்டினால் இன்வெர்ட்டட் வி. என் நடுமுனை தரையிலிருந்து ஒன்பது மீட்டர். ஒரு முனை மாடிச் சுவரில், இன்னொன்று பக்கத்து வீட்டுத் தென்னையில். தென்னை ஆடும் என்பதால் அந்த முனையில் கப்பி போட்டு ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறேன். மரம் ஆடினால் செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறாது.

இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். அனுப்பும் வலு ஆண்டெனாவுக்குள் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது அது. பேண்டின் அடியிலிருந்து மேல் வரை அளந்து, அளவு எங்கே மிகக் குறைகிறது என்று பாருங்கள். பேண்டின் அடிமுனைக்குப் போகப்போகக் குறைந்துகொண்டே இருந்தால் கம்பி நீளம் என்று அர்த்தம். இரண்டு கையிலும் சமமாகப் பத்துப் பத்து சென்டிமீட்டர் மடக்கிக் கட்டி மறுபடி அளங்கள். வெட்டுவதைவிட மடக்குவது நல்லது. மீட்டரில் 1.5-க்குக் கீழே வந்தால் போதும், 1.0 வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஈ.பி. லைன் போகும் பக்கம் கம்பியோ கழியோ போகக் கூடாது. அறுந்தாலும் சாய்ந்தாலும் லைனில் விழ முடியாத தூரத்தில்தான் எல்லாம் இருக்க வேண்டும். இதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

செட்

இப்போது நான்காவது கேள்விக்கு வருவோம். முதல் செட்டாக அனுமதி பெற்ற ஒரு கைக்கருவி, 2 மீட்டருக்கு. ஷார்ட்வேவுக்குப் பழைய ஜப்பான் செட்டுகள் ஹாம்களிடமிருந்து கைமாறும். சங்கக் கூட்டங்களுக்குப் போனால் நல்லது கண்ணில் படும். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது.

நான் வேறு வழியில் போனேன். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம் வடிவமைத்த பிட்எக்ஸ் பற்றிப் படித்தேன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண உதிரிபாகங்களால் கட்டக்கூடிய சிங்கிள் சைட்பேண்ட் செட். முதல் வடிவமைப்பில் காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் வாஷரையே பயன்படுத்தச் சொல்லியிருந்தார். அந்த ஒரு குறிப்பே என்னை வென்றுவிட்டது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் அதைக் கட்டியிருக்கிறார்கள். நான் வாங்கியது அதன் பின்வந்த வடிவமான மைக்ரோ பிட்எக்ஸ், ஷார்ட்வேவ் பேண்டுகளில் சுமார் 10 வாட். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த செட் பழுதானாலும் பயமில்லை.

முதல் பேச்சு

காலை ஆறரையிலிருந்து எட்டு வரை 40 மீட்டரில் தென்னிந்திய நிலையங்கள் நிறைய இருக்கும். முதல் வாரம் கேளுங்கள், பேசாதீர்கள். யார் எப்போது மைக்கை விடுகிறார்கள், எப்படிப் பெயர் சொல்கிறார்கள் என்று காது பழகட்டும். பிறகு இருவர் பேசி முடிக்கும் இடைவெளியில் உங்கள் கால்சைனை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நான் சொன்னபோது குரல் கம்மிவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "புதுக் குரலா இருக்கே, வாங்க தம்பி, 57 வர்றீங்க" என்றார். ஐந்து என்பது சொல் புரியும் தெளிவு, ஏழு என்பது வலு. ஊர் எது, என்ன ஆண்டெனா, எத்தனை வாட் என்று கேட்டார். பத்து வாட் என்றதும், "நல்லா கட்டியிருக்கீங்க" என்றார். லாகில் எழுதும்போது நேரத்தை ஐந்தரை மணி நேரம் குறைத்து யு.டி.சி.யில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

பகலில் இந்த உயரத்து டைபோலிலிருந்து அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். தமிழ்நாடு, கேரளா, ஆந்திராவுக்கு அருமை. சூரியன் இறங்கியதும் அலையை உறிஞ்சும் கீழடுக்கு கரைந்துவிடுவதால் தூரம் திறக்கும். இருட்டியதும் இந்தோனேசியக் குரல்கள் கூட்டமாக வரும். விடியலுக்கு முன் ஐரோப்பா. ஹாம்கள் உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்; உங்கள் இடத்தைச் சுருக்கமாகச் சொல்ல எம்.கே. 91 என்ற கட்ட எண் போதும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே கட்டம்தான். சென்னை அடுத்த கட்டங்களுக்குப் போய்விடும்.

ஒன்றும் கேட்காமல் இரைச்சலாகவே இருக்கிறதா? செட்டை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். என் வீட்டில் அது ஒரு எல்.இ.டி. பல்பும் ஒரு மலிவான சார்ஜரும்.

உப்பு

வேறு ஊர் வழிகாட்டிகளில் இது ஒரு வரிதான் வரும். நமக்கு இது ஒரு அத்தியாயம். சில்வர் பீச்சிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் கொண்டல் அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும். அதே உப்பு உங்கள் இணைப்புகளுக்குள்ளும் போகிறது.

என் டைபோல் முதல் வருடம் 1.3 காட்டியது. ஐப்பசி மழைக்குப் பிறகு 1.8. தை மாதம் 3. கம்பியின் நீளம் மாறிவிட்டதென்று நினைத்து இரண்டு வாரம் மடக்கியும் நீட்டியும் பார்த்தேன். கடைசியில் நடுமுனை இணைப்பைக் கழற்றியபோது உள்ளே செம்பு பச்சைப் பாசி பிடித்ததுபோல் கிடந்தது. கோஆக்ஸின் வலையைத் திரிபோல் பிடித்துக்கொண்டு தண்ணீர் இரண்டு மீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தது. கேபிளை வெட்டிப் பார்க்கப் பார்க்க உள்ளே கறுப்பு. மொத்தக் கேபிளையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் நான் செய்வது: இணைப்பைச் சால்டர் செய்து, காய்ந்த வெயிலில், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுகிறேன். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வதுபோல். அப்போதுதான் தண்ணீர் மடிப்புக்குள் ஏறாது. அதன்மேல் சாதாரண பி.வி.சி. டேப், வெயிலைத் தாங்க. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் மழை அங்கேயே சொட்டிவிடும். இரும்பு போல்ட் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரையிலும் புரட்டாசியிலும், எல்லா இணைப்பையும் பிரித்துப் பார்த்துவிடுகிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். அளவை மாதம் ஒருமுறை லாகின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எண் மெல்ல ஏறினால் உப்பு உள்ளே போய்விட்டது.

மோர்ஸ்

நான் இப்போது நிற்கும் படி இது. புள்ளி, கோடு என்று காகிதத்தில் மனப்பாடம் செய்யாதீர்கள், காதால் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் படித்தவருக்கு இது அந்நியமில்லை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று அசை பிரித்தவர்கள்தானே நாம். மோர்ஸில் டிட் ஒன்று, டா மூன்று. அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாரையும் அழைக்கும் சி.கியூ. "டா டி டா டி, டா டா டி டா". நாலு முறை வாய்விட்டுச் சொன்னால் தாளம்போல் ஒட்டிக்கொள்ளும். எழுத்தை வேகமாகவே ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் நீட்டிப் பழகுங்கள். மெதுவாகக் கேட்டுப் பழகினால் எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள், எண்ணினால் வேகம் வராது. தினமும் பதினைந்து நிமிடம் போதும். எனக்கு நிமிடத்துக்கு ஆறு சொல் வருகிறது. எட்டுக்கு இன்னும் இரண்டு.

மழைக்காலத்துக்கு முன்

ஐப்பசி பிறக்கும் முன் இதையெல்லாம் செய்துவிடுங்கள். மின்னல் வரும் நாளில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவது பழக்கமாக வேண்டும். இடி கேட்ட பிறகு கழற்றப் போகக் கூடாது, மேகம் திரளும்போதே. கழியைத் தனியாளாக இறக்க முடிகிறதா என்று ஒரு நல்ல வெயில் நாளில் ஒத்திகை பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு அந்தப் பாடம் கற்க முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முந்தின நாளே கழியை இறக்கி, கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டேன். மறுநாள் காற்று அடங்கியதும், கழியைத் தொடாமல், டைபோலின் ஒரு கையைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை, மற்றதைக் கொடிக்கயிறு கட்டும் கொக்கி வரை இழுத்தேன். மாடித் தரையிலிருந்து ஆள் உயரம்தான். கரண்ட் இல்லாததால் பேண்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பேட்டரியில் கூப்பிட்டேன். அதே கோயம்புத்தூர்ப் பெரியவர் வந்தார். 53 என்றார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடலூரில் நலம் என்று சொன்னேன், அவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தார்.

அந்த பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் நெடுநேரம் தாங்கும், நிறையப் பேசினால் சீக்கிரம் இறங்கும். சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும். ஆகவே மாதம் ஒன்றாம் தேதி சார்ஜரில் போட்டு, நிறைந்ததும் கழற்றி, அளந்த வோல்டேஜை அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.